ஒரே பெயரில் பலர்: வரலாற்று மனிதர்களைக் குழப்பாமல் பிரித்து எழுதுவது எப்படி?

பிரெஞ்சுக் கணித அறிஞர் அத்ரியான் மரி லெழாந்தரின் உருவப்படம் என்று கணித வரலாற்று நூல்கள் நெடுங்காலமாக அச்சிட்டுவந்த படம் அவருடையதே அன்று என்பது 2005ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அந்தப் படத்தில் இருப்பவர் லூயி லெழாந்தர் என்னும் அரசியல்வாதி. பிரெஞ்சுப் புரட்சியில் பங்கெடுத்தவர், அதற்குமுன் இறைச்சிக் கடை நடத்தியவர். இருவரும் பிறந்த ஆண்டு 1752. இருவரும் பாரிஸில் வாழ்ந்தவர்கள். படத்தின் அடியில் குடும்பப்பெயர் மட்டுமே இருந்தது. அதை எடுத்தாண்ட ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் எடுத்தாண்டவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பிவிட்டார்கள். கணித அறிஞருக்கு உரியதாக இன்று அறியப்படும் உருவம், 1820இல் வரையப்பட்ட ஒரு கேலிச்சித்திரம் மட்டுமே.

ஒரே பெயருடைய வரலாற்று மனிதர்களைப் பற்றிக் கட்டுரையோ, பட்டியலோ, கலைக்களஞ்சியப் பதிவோ எழுத முற்படும் எவருக்கும் இத்தகைய பிழை நேரலாம். அதைத் தவிர்ப்பதற்கான வழிமுறை அனைத்தும் ஓர் அடிப்படையின்மேல் நிற்கிறது. பெயர் ஒரு மனிதரைத் தேடிச் செல்வதற்கு உதவுமே தவிர, இவர்தான் அவர் என்று நிறுவுவதற்கு உதவாது. நிறுவுவதற்குக் காலம், இடம், உறவு, செயல் ஆகியவை வேண்டும்.

பெயரை ஒதுக்கிவைத்துத் தொடங்குதல்

பெரும்பாலோர் ஆளிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு பெயரைத் தலைப்பாக எழுதிக்கொண்டு, அப்பெயரின்கீழ் கிடைக்கும் செய்திகளையெல்லாம் வரிசையாக அடுக்குகிறார்கள். குழப்பம் அங்கேயே நுழைந்துவிடுகிறது. ஏனென்றால், அடுக்கத் தொடங்கிய கணத்திலேயே அச்செய்திகளெல்லாம் ஒருவரைப் பற்றியவை என்று முடிவு செய்துவிடுகிறோம். அதற்கு மாறாக, செய்தியிலிருந்து தொடங்க வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். அச்செய்தி எந்த ஆண்டுக்கு அல்லது எந்த நூற்றாண்டுக்கு உரியது, எந்த ஊரில் நிகழ்ந்தது, உடன் குறிப்பிடப்படுவோர் யார், அதைச் சொல்லும் சான்று எக்காலத்தது என்பவற்றை மட்டும் அதில் குறியுங்கள், பெயரை எழுதாதீர்கள். பிறகு ஒருவருடைய வாழ்நாளுக்குள் அடங்கக்கூடிய சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எத்தனை கட்டுகள் உருவாகின்றனவோ, குறைந்தது அத்தனை பேரேனும் இருந்திருக்கிறார்கள்.

ஔவையாரை எடுத்துக்கொண்டால் இம்முறையின் பயன் உடனே விளங்கும். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவை, நெல்லிக்கனி பெற்றது, தொண்டைமானிடம் தூது சென்றது ஆகிய சீட்டுகள் சங்க காலத்தில் ஒரு கட்டாகச் சேர்கின்றன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நல்வழி ஆகிய நீதிநூல்களின் சீட்டுகள் அக்கட்டோடு சேர மறுக்கின்றன. மொழிநடை வேறுபடுகிறது என்பது ஒருபுறமிருக்க, நல்வழியின் கடவுள் வாழ்த்தே ‘சங்கத் தமிழ் மூன்றும் தா’ என்று யானைமுகக் கடவுளை வேண்டுகிறது. சங்க காலத்திலேயே வாழ்ந்த ஒரு புலவர், தம் காலத்துத் தமிழைச் ‘சங்கத் தமிழ்’ என்று பெயரிட்டுக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. அப்படிக் கேட்பவருக்குச் சங்கம் ஏற்கெனவே பழம்பெருமையாகிவிட்டது. ஆகவே நீதிநூல் ஔவையாரைப் பிற்காலச் சோழர் காலத்தவர் என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். ஒரே மூதாட்டி நூற்றாண்டுகளைக் கடந்து நடந்தார் என்பது கதைக்கு அழகு சேர்க்கும். வரலாற்றுக் கட்டுரைக்கு அது சேராது.

நக்கீரரின் சீட்டுகள் இதைவிடச் சிக்கலானவை. நெடுநல்வாடையைப் பாடியவர் சங்கப் புலவர். இறையனார் அகப்பொருள் என்னும் இலக்கண நூலின் உரை நக்கீரர் பெயரால் வழங்குகிறது. சைவப் பாடல்களின் தொகுப்பான பதினொன்றாம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பாடல்கள் உள்ளன. திருமுருகாற்றுப்படையோ பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினொன்றாம் திருமுறையிலும் இருக்கிறது. ஆகவே ஒரு நூல் எந்தத் தொகுப்பில் காணப்படுகிறது என்பதை வைத்து மட்டும் அதன் ஆசிரியர் யார் என்று முடிவு கட்டிவிட முடியாது. தொகுத்தவர்களே பெயரொற்றுமையால் ஈர்க்கப்பட்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிரேக்க உலகிலும் இது நிகழ்ந்தது. வடிவியல் எழுதிய அலெக்சாந்திரியாவின் யூக்ளிடும், சாக்ரடீசின் மாணவரான மெகாராவின் யூக்ளிடும் இடைக்காலம் முழுவதும் ஒருவராகக் கருதப்பட்டார்கள். அச்சுக்கு வந்த தொடக்ககாலப் பதிப்புகளிலும் அப்பிழை தொடர்ந்தது. வானியலறிஞர் தாலமி எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களுள் ஒருவர் என்று எண்ணிய இடைக்கால ஓவியர்கள், அவருக்கு மகுடம் சூட்டி வரைந்தார்கள். கோஸ் தீவின் ஹிப்போகிரட்டீஸ் மருத்துவர், கியோஸ் தீவின் ஹிப்போகிரட்டீஸ் கணித அறிஞர், இருவரும் கி.மு. 5ஆம் நூற்றாண்டினர். இங்கே காலம் உதவாது, ஊர்தான் உதவும்.

காலத்தை எழுதும்போது ஒரு சிறு கவனக்குறைவு போதும், பிரித்தவை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தர் ஆட்சிக்கு வந்தது ஏறத்தாழ கி.மு. 321, குப்தர் மரபின் முதலாம் சந்திரகுப்தர் ஆட்சிக்கு வந்தது ஏறத்தாழ கி.பி. 320. இருவரின் அதிகார மையமும் பாடலிபுத்திரமே. ‘கி.மு.’ என்பதை எங்கோ ஓரிடத்தில் விட்டுவிட்டால், ஆறு நூற்றாண்டு இடைவெளி ஓராண்டாகச் சுருங்கிவிடும். சீட்டில் ஆண்டை எழுதும்போது கி.மு., கி.பி. இரண்டையும் எழுதும் வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

அரசர்களைப் பிரித்தல்

அரச மரபுகளில் பெயர் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அன்று. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவதும், அரியணைக்கென்று தனிப்பெயர் சூட்டுவதும் உரிமையை நிலைநாட்டும் செயல்கள். ஆகவே இங்கே பெயரொற்றுமை விதி, வேறுபாடு விலக்கு என்று கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, ‘முதலாம்’, ‘இரண்டாம்’ என்னும் எண்கள் பெரும்பாலும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் இட்டவை என்பதாகும். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய இராசராசன் தன்னை ‘முதலாம் இராசராசன்’ என்று எந்தக் கல்வெட்டிலும் பொறித்துக்கொள்ளவில்லை; பின்னால் இன்னும் இருவர் அப்பெயரில் வருவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவும் இயலாது. சோழர் கல்வெட்டுகளில் உண்மையில் நமக்குக் கிடைப்பவை மூன்று: இராசகேசரி, பரகேசரி என மாறிமாறி வரும் பட்டம், ஆட்சியாண்டு, அரசனின் புகழைக் கூறும் முகவுரையான மெய்க்கீர்த்தி. ‘கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு’ என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு எந்தப் பரகேசரியினுடையது என்பதை எழுத்தமைதி, அதில் வரும் அதிகாரிகளின் பெயர்கள், வானியல் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே துணிய முடியும். ‘மதிரை கொண்ட’ என்னும் அடைமொழி சேர்ந்துவந்தால் அது முதலாம் பராந்தகன் என்று உறுதியாகச் சொல்லலாம். அத்தகைய நல்லூழ் எப்போதும் வாய்ப்பதில்லை.

மெய்க்கீர்த்தியின் தொடக்கச் சொற்கள் அடையாள அட்டையைப் போன்றவை. முதலாம் இராசராசனுக்குத் ‘திருமகள் போல’. முதலாம் இராசேந்திரனுக்குத் ‘திருமன்னி வளர’. ஆயினும் இங்கே ஒரு பொறி உண்டு. முதலாம் குலோத்துங்கனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகள் ‘திருமன்னி விளங்கும்’ என்று தொடங்குகின்றன. அவற்றில் அவனுடைய பெயரும் இராசேந்திர சோழன் என்றே வருகிறது. பெயரும் ஒன்று, மெய்க்கீர்த்தியின் முதற்சொல்லும் ஒன்று என்று பார்த்துவிட்டு, கங்கை கொண்டவனுடைய கணக்கில் இக்கல்வெட்டைச் சேர்த்துவிடத் தோன்றும். இரண்டாம் சொல்லையும் படித்து, பட்டத்தையும் நோக்கினால் சிக்கல் தீர்கிறது: கங்கை கொண்டவன் பரகேசரி, குலோத்துங்கனோ இராசகேசரி. ஒரே ஒரு சான்றில் நின்றுவிடாமல் குறைந்தது இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. பாண்டியரிலும் சடையவர்மன், மாறவர்மன் என்னும் முன்னொட்டுகளைக் கவனிக்காவிட்டால், 1216இல் முடிசூடிய சுந்தரபாண்டியனும் 1251இல் முடிசூடிய சுந்தரபாண்டியனும் கலந்துவிடுவார்கள். இருவரையுமே இன்று ‘முதலாம்’ என்றுதான் எண்ணுகிறோம்.

எண்களைக் கண்டவுடன் நம்பிவிடக் கூடாது என்பதற்குப் பிற நாடுகளும் சான்று தருகின்றன. ஸ்வீடனின் பதினாறாம் கார்ல் குஸ்தாவுக்கு முன்னால் பதினைந்து கார்ல்கள் ஆண்டதில்லை. கற்பனை கலந்த ஒரு பழைய வரலாற்று நூலின் கணக்கை அரசர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஏற்றுக்கொண்டதால், முதல் ஆறு கார்ல்கள் ஏட்டில் மட்டுமே வாழ்கிறார்கள். இருபத்துமூன்றாம் ஜான் என்னும் பெயரை இருவர் கொண்டிருந்தனர்: 1410 முதல் 1415 வரை திருத்தந்தைப் பதவிக்கு உரிமை கொண்டாடிய பல்தசாரே கோசா ஒருவர், 1958இல் திருத்தந்தையான ஆஞ்செலோ ரொன்காலி மற்றவர். ரொன்காலி அதே எண்ணைத் தேர்ந்ததே முன்னவரின் உரிமை செல்லாது என்று அறிவிப்பதாக அமைந்தது. இருபதாம் ஜான் என்று ஒரு திருத்தந்தை இருந்ததேயில்லை. ஜெர்மனியின் ராய்ஸ் அரச குடும்பத்திலோ ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். ஆளாதவர்களுக்கும் எண் உண்டு. எண் என்பது ஆட்சி வரிசை என்று அங்கே எண்ணினால் கதை கெட்டது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் எண்ணை நாடவே இல்லை. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் என்று இறந்த இடத்தால் பிரித்தார்கள். இலவந்திகைப்பள்ளி நன்மாறனையும் சித்திரமாடத்து நன்மாறனையும் அவ்வாறே வேறுபடுத்தினார்கள். புலவர்களையும் ஊர், தொழில், தந்தை ஆகியவற்றோடு சேர்த்து, உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றெல்லாம் குறித்தார்கள். என் பார்வையில், எண்ணைவிட இம்முறை மேலானது. புதிதாக ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டால் எண் வரிசை முழுவதும் குலையும், ஊரும் தொழிலும் குலையா.

ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள்

காலமும் துறையும் ஒன்றாக இருக்கும்போதுதான் வேலை உண்மையில் கடினமாகிறது. அமெரிக்க நாவலாசிரியர் வின்ஸ்டன் சர்ச்சில் 1871இல் பிறந்தவர். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில் 1874இல் பிறந்தவர். இருவரும் எழுத்தாளர்கள், இருவரும் அரசியலில் இறங்கியவர்கள், இருவரும் ஓவியம் தீட்டியவர்கள். 1899இல் அமெரிக்கரே அதிகம் விற்பனையான எழுத்தாளராக இருந்தார். அவ்வாண்டு இருவரும் கடிதம் எழுதிக்கொண்டு, பிரித்தானியர் தம் நூல்களில் ‘வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்’ என்று கையொப்பமிடுவது என முடிவு செய்தார்கள். எனவே அக்காலத்து இதழ்க் குறிப்பு ஒன்றில் ‘வின்ஸ்டன் சர்ச்சில்’ என்று மட்டும் இருந்தால், அது பிரதமரையே குறிக்கும் என்று இன்றைய புகழை வைத்துத் தீர்மானிப்பது தவறு. ஒரு பெயருக்கு உரியவராக இன்று முதலில் நினைவுக்கு வருபவர், அந்தச் சான்று எழுதப்பட்ட நாளில் முதலில் நினைவுக்கு வந்தவராக இருக்க வேண்டியதில்லை.

இன்னும் நெருக்கமான ஓர் இணை உண்டு. ‘எஸ். சந்திரசேகர், இயற்பியலாளர், சி. வி. ராமனின் உறவினர், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்’ என்று ஒரு குறிப்பு கிடைத்தால், அது சுப்பிரமணியன் சந்திரசேகரை மட்டுமே குறிக்கும் என்று பலரும் எழுதிவிடுவார்கள். அவர் விண்மீன்களின் கட்டமைப்பை ஆராய்ந்து 1983இல் நோபல் பரிசு பெற்றவர், ராமனின் அண்ணன் மகன். ஆனால் நீர்மப் படிகங்களை ஆராய்ந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகருக்கும் அந்தக் குறிப்பு முழுவதும் பொருந்தும். அவர் ராமனின் சகோதரி மகன். முதலெழுத்தும் ஒன்று, துறையும் ஒன்று, உறவும் ஒன்று. இங்கே பிரிப்பது பிறந்த ஆண்டும் (1910, 1930) ஆய்வுப் பொருளும் மட்டுமே. முதலெழுத்துகளை நம்பிப் பழகிய நமக்கு இது நல்ல எச்சரிக்கை: முதலெழுத்தை எப்போதும் விரித்து முழுப்பெயரைக் கண்டுபிடித்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

ஒருவரை இருவராக்கும் பிழை

பிரிப்பதில் ஆர்வம் மிகுந்தவர்கள் எதிர்த்திசையில் வழுக்குவதுண்டு. ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸும் 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸும் ஒருவரே. அருள்மொழிவர்மனும் இராசராசனும் ஒருவனே. சுந்தர சோழன் என்பதும் இரண்டாம் பராந்தகன் என்பதும் ஒருவனையே குறிக்கும். பெயர் வேறு, எண் வேறு என்பதற்காகக் கட்டைப் பிரிக்காதீர்கள். காலமோ இடமோ செயலோ ஒன்றோடொன்று முரண்படும்போது மட்டுமே பிரியுங்கள்.

தமிழில் எழுதும்போது

பிற மொழிப் பெயர்கள் தமிழ் எழுத்துக்கு வரும்போது, மூலத்தில் வேறுபட்ட பெயர்கள் ஒன்றாகிவிடுவதுண்டு. 1733இல் தறியின் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்ற ஜான் கேயும் (Kay), 18ஆம் நூற்றாண்டின் நாடக ஆசிரியர் ஜான் கேயும் (Gay) மூல எழுத்தில் வேறுவேறு குடும்பப்பெயர் கொண்டவர்கள். தமிழில் அவ்வேறுபாடு மறைந்துபோகிறது. போதாக்குறைக்கு, நூற்பாலைத் தொழிலின் முன்னோடியான ஆர்க்ரைட்டுக்கு நூற்பு இயந்திரம் அமைக்க உதவிய கடிகாரத் தொழிலாளியும் ஜான் கே. அவர் நாடாவைக் கண்டறிந்தவரல்லர், ஆனால் மூலத்திலும் அதே எழுத்துக்கூட்டல் உடையவர், அதே நெசவுத் தொழிலோடு தொடர்புடையவர். இத்தகைய இடங்களில் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்வது வாசகரைக் கைவிடுவதாகும். முதல் முறை குறிப்பிடும்போதே தொழிலையும் ஆண்டையும் சேர்த்துவிட வேண்டும்.

அடையாளச் சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

பிரித்த பிறகு ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளச் சொல் வேண்டும். அது அந்த மனிதரின் வாழ்வில் மாறாததாக இருக்க வேண்டும். ‘தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் (1561–1626)’, ‘ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் (1909–1992)’ என்பவை நன்றாகவே பிரிக்கின்றன. பல துறைகளில் இயங்கியவருக்குத் துறையைவிட ஆண்டே நம்பகமானது. ‘புகழ்பெற்ற’, ‘மற்றொரு’ ஆகிய சொற்களை அடையாளமாகப் பயன்படுத்தவே கூடாது. யாருக்குப் புகழ்பெற்றவர், எவரிலிருந்து மற்றொருவர் என்பவை வாசகருக்கு வாசகர் மாறும்.

‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்னும் சொற்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அவற்றைப் படிக்கும் எவரும் தந்தையும் மகனும் என்றே எடுத்துக்கொள்வார்கள். பிரித்தானியப் பிரதமர்களான இரு வில்லியம் பிட்களுக்கு அது பொருந்தும். ஆனால் பண்டைய ரோமில், மூத்த பிளினி இளைய பிளினிக்குத் தாய்மாமன். மூத்த காட்டோ இளைய காட்டோவுக்குக் கொள்ளுப்பாட்டன். உறவை ஒரு சொல்லால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இந்தத் தவறான ஊகம் எழாது.

பட்டியலாக எழுதினால் பிறந்த ஆண்டின்படி அடுக்குங்கள். புகழின்படி அடுக்கினால் ஒவ்வொரு தலைமுறையிலும் அதை மாற்றி எழுத நேரும். கட்டுரையாக எழுதினால், இருவரும் ஒரே பத்தியில் வரும்போது சுருக்கப்பெயரை அறவே தவிர்த்து, சற்றே அலுப்பூட்டினாலும் அடையாளச் சொல்லை ஒவ்வொரு முறையும் எழுதுவதே சரி. பாஸ்கரர் இருவரில், ஆரியபட்டீயத்துக்கு 629இல் உரை எழுதியவர் ஒருவர், 1114இல் பிறந்து லீலாவதி இயற்றியவர் மற்றவர். ‘பாஸ்கரர் கூறுகிறார்’ என்று தொடங்கும் வாக்கியம் இருவரையும் பற்றிய பத்தியில் எதையும் கூறுவதில்லை. 1979இலும் 1981இலும் விண்ணில் செலுத்தப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள்களுக்குப் பாஸ்கரா-1, பாஸ்கரா-2 என்று பெயரிட்டதால், அந்த எண்களைக் கணித அறிஞர்களின் எண்களோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு.

நூலகங்கள் பெயரோடு பிறப்பு, இறப்பு ஆண்டுகளைச் சேர்த்துப் பதிவதையும், படைப்பாளர்களுக்கு ஐ.எஸ்.என்.ஐ. என்னும் பதினாறு இலக்க எண் வழங்கப்படுவதையும் நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவுகளையும் மனிதர்களும் கணினி நிரல்களும்தான் உருவாக்குகிறார்கள். ஒருவருடைய நூல் வேறொருவருடைய எண்ணின்கீழ் சேர்ந்திருப்பது அரிதன்று. எண்ணை வழிகாட்டியாகக் கொண்டு, நூலின் முகப்புப் பக்கத்தை நேரில் பார்ப்பதே பாதுகாப்பானது.

படங்களும் தீராத ஐயங்களும்

படத்தை இறுதியில் சேர்க்கும் அலங்காரமாகக் கருதாமல், அதையும் ஒரு செய்தியாகக் கருதிச் சீட்டு எழுதுங்கள்: யார் வரைந்தது அல்லது எடுத்தது, எந்த ஆண்டு, இன்று எங்கே உள்ளது, அதில் இருப்பவர் இவர்தான் என்று முதலில் சொன்னவர் யார். தேடுபொறி பெயருக்குப் பொருத்தமான படத்தைத் தருகிறதே ஒழிய, ஆளுக்குப் பொருத்தமான படத்தை அன்று. உயிருடன் இருப்பவர் ஒருவரின் படத்தை, அதே பெயருடைய குற்றவாளி ஒருவரின் செய்தியோடு சேர்த்துவிட்டால் விளைவது வெறும் பிழையாக நின்றுவிடாது. எனவே படத்துக்கு உறுதியான சான்று இல்லையெனில் படமின்றியே வெளியிடுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் எந்தக் கட்டிலும் சேராமல் சில சீட்டுகள் எஞ்சும். அவற்றை வலிந்து யாரோ ஒருவரிடம் ஒப்படைக்காமல், ‘இப்பெயரால் வழங்கும் நூல்’, ‘இப்பெயருடைய ஒருவர்’ என்று எழுதி, எந்த இருவருக்கிடையே ஐயம் நிற்கிறது என்பதையும் எந்தச் சான்று கிடைத்தால் அது தீரும் என்பதையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள். அடுத்து அதே பெயரைத் தேடி வருபவர் அந்த வரியிலிருந்து தம் வேலையைத் தொடங்கிக்கொள்வார்.